மாசியிலேயே கிணறு காய்கிறது, 800 அடி போர் போடலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். ஒடுகத்தூர் பக்கம் அப்பா விட்டுப்போன மூன்றரை ஏக்கர் செம்மண் கொல்லை, 30க்கு 30 அடி சதுரக் கிணறு, ஆழம் 45 அடி. கார்த்திகையில் பாதிப் படி வரை நிற்கும் தண்ணீர் மாசி பாதியில் அடியைக் காட்டிவிடுகிறது, ஐந்து ஹெச்பி மோட்டார் முக்கால் மணி நேரத்தில் காற்றை இழுக்கிறது. வரப்பில் 22 தென்னை. போர் வண்டிக்காரர் 800 அடி போனால் நிச்சயம் தண்ணீர் என்கிறார், பெரியப்பா மகன் விற்றுவிட்டுப் பெங்களூரிலேயே இரு என்கிறார். போர் போடலாமா, என்ன பயிர் வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் "இதை நம்பி ஊர் திரும்பலாமா" என்று போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. போர் பேச்செல்லாம் அதற்கு அப்புறம்.

நான் மண்வளப் பாதுகாப்பு வேலையில் 27 வருடம் இருந்தவன். பழைய வடஆற்காடு மாவட்டத்தில் வரப்பு, தடுப்பணை, பண்ணைக்குட்டை என்று அளவு நாடாவோடு சுற்றியதுதான் என் படிப்பு. ஓய்வு பெற்ற பிறகு கே.வி.குப்பம் பக்கம் நாலு ஏக்கரில் சொந்தமாகப் பயிர் வைக்கிறேன், அதில் இரண்டு தடவை நன்றாக அடிவாங்கியும் இருக்கிறேன். நிலத்தடி நீர் ஆய்வாளன் அல்ல. உங்கள் கிணற்றை நான் பார்த்ததும் இல்லை. அதனால் எதை உறுதியாகச் சொல்கிறேன், எதை ஊகமாகச் சொல்கிறேன் என்று அங்கங்கே குறிப்பிட்டுவிடுகிறேன்.

முதலில் ஒன்று. நம் பகுதி பாலைவனம் இல்லை. வேலூரில் வருடத்துக்கு 900 மி.மீட்டருக்குக் குறையாமல் மழை பெய்கிறது சராசரியாக, தென்மேற்கும் வடகிழக்கும் பங்கு போட்டுக்கொண்டு தருகின்றன. தஞ்சாவூர்க்காரர்களுக்கு ஐப்பசி மழை போனால் எல்லாம் போச்சு, நமக்கு ஆடி ஆவணியிலும் ஒரு வாய்ப்பு உண்டு. உங்கள் மூன்றரை ஏக்கரில் 900 மி.மீ விழுந்தால் அது ஒன்றே கால் கோடி லிட்டர். கேட்கப் பெரிதாக இருக்கிறதா? இதில் கிணற்றுக்குப் போய்ச் சேருவது எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம் ஊர் அடியில் இருப்பது கருங்கல் வகைப் பாறை. மேலே ஒரு முப்பது நாற்பது அடி, சில இடத்தில் அதைவிடக் கூட, உளுத்துப்போன பாறை இருக்கும், அதில்தான் தண்ணீர் தேங்கும். அதற்குக் கீழே வெடிப்பு இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் வெறும் கல். இந்த வகை நிலத்தில் பெய்யும் மழையில் பத்தில் ஒரு பங்கு நிலத்தடிக்குப் போனால் நல்ல கணக்கு, பல இடத்தில் அதுவும் கிடையாது. அதாவது உங்கள் கொல்லையில் விழுந்த மழை உங்கள் கிணற்றுக்குத் தருவது வருடத்துக்கு 12, 13 லட்சம் லிட்டர்தான்.

இதைப் பயிர்க் கணக்கோடு வைத்துப் பாருங்கள். ஒரு ஏக்கரில் ஒரு மி.மீ தண்ணீர் என்றால் சுமார் 4,000 லிட்டர். நெல்லுக்கு 1,250 மி.மீ, கரும்புக்கு 2,000, மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, 550, கேழ்வரகுக்கு 350 என்று வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் சொல்வார்கள். ஏறக்குறைய அதுதான் என் அனுபவமும். ஒரு ஏக்கர் நெல் என்றால் 50 லட்சம் லிட்டர். 2019-ல் சென்னை தவித்தபோது ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் போனது ஞாபகம் இருக்கும், 50 வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். டிவியில் காட்டினார்கள், ஊரே வாயைப் பிளந்தது. அந்த மாதிரி இரண்டு ரயில் தண்ணீரை நாம் ஒரு ஏக்கர் நெல்லில் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறோம். நெல் வயலில் கட்டிய தண்ணீரில் ஒரு பங்கு திரும்ப நிலத்துக்குள் இறங்கும் என்பது உண்மைதான், அதைக் கழித்தாலும் கணக்கு நேராகாது. உங்கள் கொல்லை தன் கிணற்றுக்குத் தருவது அரை ரயில். மிச்சத் தண்ணீர் எல்லாம் மேலே இருக்கிற அடுத்தவர் கொல்லையில் இருந்தும், ஏரியில் இருந்தும், ஜவ்வாது மலையடி ஓடைகளில் இருந்தும் ஊறி வருவது. அவர்களும் மோட்டார் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றுதான். பயிரை முடிவு செய்துவிட்டு அதற்குத் தண்ணீர் தேடாதீர்கள். தண்ணீரை அளந்துவிட்டு அதற்குள் அடங்குகிற பயிரை, அடங்குகிற பரப்பில் வையுங்கள். கேட்க எளிது, செய்யும்போது கை வராது, ஏனென்றால் மூன்றரை ஏக்கரில் இரண்டரை ஏக்கரைக் காயவிட்டு ஒரு ஏக்கரில் மட்டும் பச்சை காட்டினால் ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். எங்கள் தெருவில் என்னையே பேசினார்கள்.

அளப்பது எப்படி என்றால், உங்கள் கிணற்றுக்கு இது சுலபம். 30க்கு 30 என்றால் 900 சதுர அடி, ஒரு அடி உயரத் தண்ணீர் ஏறக்குறைய 25,000 லிட்டர். கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு முனையில் கல்லைக் கட்டிக்கொள்ளுங்கள். மாலையில் மோட்டாரை நிறுத்தியதும் ஒரு அளவு, மறுநாள் காலையில் மோட்டார் போடுவதற்கு முன் ஒரு அளவு. அந்த வித்தியாசம்தான் உங்கள் உண்மையான சொத்து, நிற்கிற தண்ணீர் அல்ல. நிற்கிற தண்ணீர் ஒரு தடவை இறைத்தால் போய்விடும், ஊற்றுதான் தினமும் வரும். கார்த்திகையில் ராத்திரிக்குள் ஆறு அடி ஏறலாம், ஒன்றரை லட்சம் லிட்டர். தையில் மூன்று அடி. மாசியில் ஒரு அடி. மாசி பங்குனி வெயிலில் ஒரு ஏக்கர் பயிர் நாளுக்கு 6 மி.மீ குடிக்கும், அதாவது 24,000 லிட்டர். ஆக மாசியில் ஒரு அடி ஊறுகிற கிணறு, ஒரு சொட்டு வீணாகாமல் போனால் ஒரு ஏக்கரைக் காப்பாற்றும். மண் வாய்க்காலில் விட்டால் முக்கால் ஏக்கர் கூடத் தாங்காது. நான் போட்ட ஆறு, மூன்று, ஒன்று என்பதெல்லாம் உதாரணத்துக்கு, உங்கள் கயிறு வேறு சொல்லும். ஒரு வருடம் மாதத்துக்கு இரண்டு தடவை இப்படி அளந்து நோட்டில் எழுதினீர்களானால், எந்த ஜோசியரிடமும் போக வேண்டாம்.

இப்போது போர். உறுதியாகச் சொல்லக்கூடியது: கெட்டிப்பாறைப் பகுதியில் ஆழம் போகப்போக வெடிப்பு குறைந்துகொண்டே போகும். முதல் 200, 300 அடிக்குள் கிடைக்காத தண்ணீர் 800 அடியில் கிடைக்கவே கிடைக்காது என்று இல்லை, ஆனால் வாய்ப்பு மெலிந்துவிடும், கிடைத்தாலும் அது பல வருடம் தேங்கிய பழைய தண்ணீராக இருந்தால் மழைக்கு ஈடாகத் திரும்ப ஊறாது. "நிச்சயம் தண்ணீர்" என்று சொல்ல ஒருவராலும் முடியாது. அடிக்கணக்கில் கூலி வாங்குகிறவர் ஆழத்தைப் பற்றிச் சொல்லும் யோசனையை நான் எப்போதும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்பேன். நான் எல்லாம் தெரிந்தவன்தானே, ஆனாலும் 2017 கோடையில் மனசு கேட்கவில்லை. அதற்கு முந்தைய 2016-ல் வடகிழக்குப் பருவமழை மாநில அளவில் 62 சதவீதம் குறைந்து, ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சிப் பகுதியாக அறிவித்தார்கள். தென்னை மட்டை தொங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. முதல் போர் 420 அடி, வெறும் புகைதான் வந்தது. இரண்டாவது 760 அடி, ஒன்றரை அங்குலத் தண்ணீர், வெடி போட்டுக் கொண்டாடினோம், பதினாலாவது மாதம் நின்றுவிட்டது. அந்தக் கடனை நான் மூன்று மல்லாட்டைப் போகத்தில் அடைத்தேன்.

தேங்காய், வேப்பங்குச்சி வைத்து நீரோட்டம் பார்ப்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. பார்ப்பவர்களில் சிலருக்கு அந்த ஊர் நிலத்தின் சாய்வும், எந்தக் கிணறு எப்போது வற்றும் என்பதும் மனப்பாடம், அவர்கள் சொல்வது பலிப்பதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம் என்பது என் ஊகம். நிலத்தின் மின்தடையை அளக்கும் கருவி வைத்துப் பார்ப்பது அதைவிட மேல், உளுத்த பாறை எத்தனை அடி இருக்கிறது என்று ஓரளவு காட்டும். ஆனால் தண்ணீர் எத்தனை அங்குலம் வரும் என்று அதுவும் சொல்லாது. உங்களுக்குக் கை அரித்தால் 800 அடிக்குப் போவதைவிடக் கிணற்றைத் தூர் வாருங்கள். முப்பது வருடமாக வாராத கிணற்றில் நாலைந்து அடி சேறும் கல்லும் கிடக்கும், ஊற்றுக்கண்ணே அதற்குக் கீழே இருக்கலாம். பிறகு ஊற்று வருகிற திசை தெரிந்தால் அந்தப் பக்கம் கிணற்றுச் சுவரில் பக்கவாட்டில் துளைக்கும் சைடு போர் ஒன்றிரண்டு போட்டுப் பார்க்கலாம். நான் பார்த்த வரையில் சைடு போர் பாதிக்குப் பாதி பலிக்கிறது, அதுவும் பக்கத்துக் கிணற்றுக்காரர் தண்ணீரைத்தான் இழுக்கிறோமா என்ற சங்கடத்தோடு.

சரி, பயிருக்கு வருவோம். செம்மண், கிணறு மாசி வரை, இரண்டு பருவமழை. இதற்கு நம் தாத்தாக்கள் கண்ட பதில் மல்லாட்டை, கேழ்வரகு, துவரை, காராமணி, கடைசியில் கொள்ளு. மூன்றரை ஏக்கரையும் ஆடியில் மானாவாரி மல்லாட்டைக்கு விடுங்கள், ஆறு சால் மல்லாட்டைக்கு ஒரு சால் துவரை, வரப்போரம் ஆமணக்கு. மழை ஏமாற்றிக் கடலை போனாலும் துவரை ஆழ வேர் விட்டு நின்று மார்கழி, தையில் கொஞ்சம் காசு காட்டும். ஆமணக்கு, இலை தின்னும் புரோட்டீனியா புழுவைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், இலையில் முட்டைக் குவியலைப் பார்த்துக் கிள்ளி எறிந்துவிடலாம். விதைக்கும் முன் விதை கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சையைக் கலந்துவிடுங்கள், இதில் கஞ்சத்தனம் வேண்டாம், வேரழுகல் வந்தால் இருக்கிற கொஞ்ச ஈரமும் யாருக்கும் உதவாமல் போகும்.

மல்லாட்டையில் எப்போது தண்ணீர் முக்கியம் என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. முளைத்து மூன்று வாரம் வரை அது காய்ச்சலைத் தாங்கும், சொல்லப்போனால் லேசாகக் காய்ந்தால் பூ ஒரே சீராகப் பிடிக்கும். அந்தச் சமயத்தில் இலை சுருங்குகிறதே என்று பதறிக் கிணற்றைக் காலி செய்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 40-ஆம் நாளில் இருந்து 80-ஆம் நாள் வரை, விழுது மண்ணில் இறங்கிக் காய் பிடிக்கிற காலம், அப்போது மண் கெட்டியாக இருந்தால் விழுது இறங்காது, காய்ந்தால் காய் பொக்கு. கிணற்றில் இருப்பது இரண்டு தடவை பாய்ச்சும் தண்ணீர்தான் என்றால் இரண்டையும் இந்த நாற்பது நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 40, 45-ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைப்பதும் ஈரம் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும், காய்ந்த மண்ணில் ஜிப்சம் போட்டு விட்டேன் பலன் இல்லை என்பார்கள், எப்படி இருக்கும்?

இதே கணக்குதான் கார்த்திகைப் பட்டத்துக்கும். உங்கள் பக்கம் நெல் அறுத்துவிட்டு மார்கழிக் கடைசியில், தையில் மல்லாட்டை விதைப்பது பழக்கம் என்று நினைக்கிறேன். அப்படி விதைத்தால் காய் பிடிக்கிற நாற்பது நாள் சரியாக மாசி, பங்குனியில் வந்து விழும், கிணறு கைவிடுகிற அதே நேரம். நெல்லை விட்டுவிட்டு ஒரு ஏக்கரை மட்டும் கார்த்திகை நடுவிலேயே விதைத்துவிட்டால் காய் பிடிப்பு தையோடு, போனால் மாசி முதல் வாரத்தோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் கிணறு வற்றினால் வற்றட்டும். ஆறு வாரம் முன்னே விதைப்பது ஒரு போருக்குச் சமம் என்று என் சக அலுவலர் ஒருவர் சொல்வார், கொஞ்சம் மிகைதான், ஆனால் எனக்கு அது வேலை செய்தது. ரகம் பற்றிப் பலர் சண்டை போடுவார்கள். கதிரி 6, கதிரி லெபாக்ஷி, டிஎம்வி 13 மூன்றையும் நான் வைத்திருக்கிறேன். லெபாக்ஷி வறட்சி தாங்குகிறது, காயும் நிறைய, ஆனால் நாள் அதிகம் எடுக்கும். உங்களுக்குக் கார்த்திகைப் பட்டத்தில் நாள் முக்கியம். விரிஞ்சிபுரம் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் உங்களுக்குக் கிட்டத்தில்தான், விதைக்கும் யோசனைக்கும் ஒரு நடை போய்வாருங்கள். சிறுதானியம் என்றால் திருவண்ணாமலைப் பக்கம் அத்தியந்தலில் தனி மையமே இருக்கிறது.

ஆடி, ஆவணி இரண்டும் ஏமாற்றினால்? அப்போது பிடிவாதம் வேண்டாம். புரட்டாசியில் ஒரு மழை விழுந்தால் கொள்ளு தெளித்துவிடுங்கள். லாபம் என்று பெரிதாகச் சொல்ல முடியாது, மாட்டுக்குத் தீனி, மண்ணுக்குத் தழைச்சத்து, வீட்டுக்கு ரசம்.

கோடை உழவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, இதுதான் செலவு குறைந்த வேலை, இதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். சித்திரையில் ஒன்றிரண்டு இடி மழை வரும். அறுவடைக்குப் பின் இறுகிக் கிடக்கிற செம்மண்ணில் அந்த மழை விழுந்தால் மேலே தோல் மாதிரி ஒரு படலம் பிடித்து வழிந்து ஓடிவிடும். அதற்கு முன்னாலோ உடனேயோ சரிவுக்குக் குறுக்கே உழுதால் ஓடுகிற தண்ணீர் அங்கங்கே நிற்கும், களையும் கூட்டுப்புழுவும் வெயிலில் சாகும். சரிவுக்குக் குறுக்கே என்பதை டிராக்டர்காரரிடம் நின்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு எது நீளமோ அந்தப் பக்கம் ஓட்டிவிட்டுப் போய்விடுவார், மேலிருந்து கீழாக உழுத கொல்லை மழை பெய்தால் வாய்க்கால் மாதிரி வேலை செய்யும், மேல்மண் அடுத்தவர் கழனிக்குப் போய்விடும். அப்புறம் வரப்பு. உங்கள் கொல்லைக்கு எந்த மூலை தாழ்வு என்று ஒரு பெருமழையில் குடை பிடித்துக்கொண்டு நின்று பாருங்கள், நான் சொல்வதைவிட அது நன்றாகச் சொல்லும்.

அந்தத் தாழ்ந்த மூலையில்தான் பண்ணைக்குட்டை. 30 மீட்டருக்கு 30 மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழம் என்று அரசாங்கத் திட்டத்தில் வெட்டித் தருவது, சரிவு போக ஏறக்குறைய 10 லட்சம் லிட்டர் பிடிக்கும், 22 சென்ட் நிலத்தைத் தின்னும். மூன்று ஏக்கருக்கு பயிர் காயாமல் காக்க 30 மி.மீ வீதம் இரண்டு தடவை தண்ணீர் கொடுக்க ஏழு, ஏழேகால் லட்சம் லிட்டர் போதும், ஆகவே கணக்கு சேருகிறது. ஆனால் செம்மண்ணில் கசிந்துவிடும், வெயில் காலத்தில் மேற்பரப்பில் இருந்து மட்டும் நாளுக்கு 6, 7 மி.மீ ஆவியாகும். இதைக் கோடைக்குச் சேமிக்கும் தொட்டி என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஆவணியில் நிறைந்து புரட்டாசி இடைவெளியில் இறைக்கிற தண்ணீர் என்று நினையுங்கள். கசிந்ததும் வீணில்லை, கிணற்றுக்கு மேட்டில் குட்டை இருந்தால் ஊற்றாக வந்து சேரும், அப்படி இரண்டு மூன்று கொல்லைகளில் பார்த்திருக்கிறேன். மழைநீரை நேராகக் கிணற்றுக்குள் திருப்பும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். சேறு போய் ஊற்றுக்கண்ணை அடைத்துவிடும். ஜல்லி, மணல் போட்ட வடிகுழி வழியாகத்தான் விட வேண்டும், அதையும் வருடா வருடம் சுத்தம் செய்ய ஆள் வேண்டும்.

சொட்டுநீர் போடுங்கள், ஐந்து ஏக்கருக்குள் இருக்கிற சிறு விவசாயிக்குத் தமிழ்நாட்டில் முழு மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். மல்லாட்டைக்குத் தெளிப்பு நீர் நல்லது, மண் மெத்தென்று இருக்கும், விழுது சுலபமாக இறங்கும். ஒரு எச்சரிக்கை. சொட்டுநீர் போட்டவர்களில் பலர் மிச்சமான தண்ணீரில் இன்னொரு ஏக்கர் வாழை வைத்துவிடுகிறார்கள், கிணறு முன்பைவிடச் சீக்கிரம் வற்றுகிறது, பிறகு பழி சொட்டுநீர் மேல். இலவச மின்சாரம் என்பதால் மோட்டார் ஓடுகிற நேரத்துக்கு நமக்குக் கணக்கே இல்லை, ராத்திரி மும்முனை மின்சாரம் வந்தால் தானாக ஓடும்படி வைத்துவிட்டுத் தூங்குகிறோம். உங்கள் 22 தென்னைக்கு வேண்டியது மரத்துக்கு நாளுக்கு 65 லிட்டர் சொட்டுநீரில், மொத்தம் 1,400 லிட்டர் சொச்சம். உங்கள் கிணற்றில் அது முக்கால் அங்குல உயரம் கூட இல்லை. அதையே வாய்க்காலில் விட்டுப் பாத்தி நிரப்பினால் போகிற வழியிலேயே அதைப்போலப் பல மடங்கு மண் குடித்துவிடும். கூடவே வட்டப்பாத்தியில் உரிமட்டையைக் குழிவான பக்கம் மேலே பார்க்க அடுக்கி மண் மூடுங்கள், பஞ்சு மாதிரி ஈரம் பிடித்து வைக்கும். 2017-ல் என் மரங்களில் இப்படி மட்டை புதைத்தவை பிழைத்தன, புதைக்காமல் விட்ட ஏழில் நாலு போனது.

கடைகளில் விற்கிற ஈரம் காக்கும் குருணை, ஜெல், தெளிப்பு மருந்து பற்றி. காய் பிடிக்கிற நேரத்தில் மழை தவறினால் ஒரு சதவீத பொட்டாசியம் குளோரைடு கரைசல் தெளிப்பது ஒரு வாரம் பத்து நாள் தாக்குப் பிடிக்க உதவுகிறது, இதை நானே செய்கிறேன், செலவும் குறைவு. ஜெல் குருணை நாற்றங்காலிலும் மரக்கன்றுக் குழியிலும் பலன் தந்ததைப் பார்த்தேன். திறந்த கொல்லையில் மல்லாட்டைக்கு அரை ஏக்கர் போட்டுப் பார்த்ததில் பக்கத்து அரை ஏக்கருக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒரே ஒரு போகம், ஒரே ஒரு கொல்லை, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் கடன் வாங்கி அதை வாங்காதீர்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் உங்கள் வேலிக்கு வெளியே இருக்கிறது. 2021 நவம்பரில் பாலாறு இரு கரை தொட்டு ஓடியது, ஏரிகள் நிரம்பிக் கோடி போயின. அடுத்த கோடையில் ஏரிக்குக் கீழே இருந்த கிணறுகள் சித்திரையிலும் தளும்பின, எந்தப் போரும் போடாமல். நம் பகுதியில் ஏரிதான் கிணறுகளின் தாய், மகேந்திரவாடி, காவேரிப்பாக்கம் ஏரிகளைப் பல்லவர் காலத்தில் வெட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். உங்கள் ஊர் ஏரிக்கு வரத்துக்கால்வாய் எங்கே இருக்கிறது, அதில் எத்தனை வேலிகாத்தான் (சீமைக்கருவேலம்) முளைத்திருக்கிறது, யார் வரப்பு நகர்ந்து வந்திருக்கிறது என்று பாருங்கள். பெங்களூரில் இருந்து வந்த பையன் கேட்டால் முதலில் முறைப்பார்கள். நம் வேலூர்ப் பக்கத்து நாகநதி ஆற்றில் தண்ணீரை நிலத்துக்குள் இறக்க உறைகிணறும் தடுப்பும் கட்டியது பெரும்பாலும் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள்தான், உங்கள் ஊரிலும் ஊராட்சியில் அந்த மாதிரி வேலையை எழுதிக் கொடுத்துக் கேட்கலாம். ஏரி காய்ந்திருக்கும்போது தாசில்தார் அலுவலகத்தில் அனுமதி வாங்கி வண்டல் அள்ளிக் கொல்லையில் கொட்டுங்கள். செம்மண்ணுக்கு வண்டல் சேர்ந்தால் ஈரம் நிற்கும், ஏரியும் ஆழமாகும். வண்டி வாடகைதான் செலவு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் என்றால் தோல் கழிவு கலந்த தண்ணீரா என்று முதலில் உப்பைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். உங்கள் பக்கம் அந்தத் தொல்லை குறைவு, இருந்தாலும் ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுவது நல்லது.

இப்போது அந்தக் கடைசி வரி. ஆடியில் மூன்றரை ஏக்கர் மானாவாரி, கார்த்திகையில் அதிலேயே ஒரு ஏக்கர் இறவை, 22 தென்னை, இரண்டு கறவை மாடு. இது ஒரு குடும்பத்துக்குச் சோறும் கொஞ்சம் காசும் தரும். பெங்களூர்ச் சம்பளத்துக்கு ஈடாகாது, நல்ல மழை வருடத்திலும் ஆகாது. ஐந்து வருடத்தில் ஒரு வருடம் கையைக் கடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், பயிர்க் காப்பீடு கட்டிவிடுங்கள், காரிப் பருவ (ஆடிப் பட்ட) கடலைக்குக் காப்பீட்டுத் தொகையில் இரண்டு சதவீதம்தான் நம் பங்கு, இழப்பீடு வருவதற்கு நாள் ஆகும். வேலையை இப்போதே விட வேண்டாம். போருக்கு வைத்திருக்கிற பணத்தில் நாலில் ஒரு பங்கில் தூர் வாருதல், கோடை உழவு, வரப்பு மூன்றையும் இந்த வருடம் முடித்துவிட முடியும் என்று நினைக்கிறேன், கூலி உங்கள் பக்கம் என்ன விலை என்று எனக்குச் சரியாகத் தெரியாது. விற்பதற்கு அவசரம் என்ன, நிலம் எங்கேயும் ஓடிவிடாது தம்பி.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது மூன்று நாள் தங்கி, மாலையும் காலையும் கயிறு விட்டு அளந்து ஆறு எண்ணையும் இங்கே எழுதுங்கள், தூர் வாரியதற்கு முன்னாலா பின்னாலா என்பதையும் சேர்த்து. கார்த்திகையில் எத்தனை சென்ட் விதைக்கலாம் என்பதை அதை வைத்துத்தான் பேச முடியும்.